கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்காமல் சாஃப்ட்வேர் வேலை: கடலூர், புதுச்சேரிப் பகுதியினர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தேவனாம்பட்டினம் பெரியார் அரசு கலைக் கல்லூரியில் வேதியியல், லாஸ்பேட்டை தாகூர் கல்லூரியில் பி.காம்., பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் என்று ஏதோ ஒன்றைப் படித்து முடித்துவிட்டு, "இனிமேல் ஐ.டி. பக்கம் போக முடியுமா?" என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். சிப்காட்டில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே படிக்க நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

கம்ப்யூட்டர் டிகிரி இல்லாமல் உண்மையிலேயே வேலை கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் எல்லா நிறுவனத்திலும் கிடைக்காது. எங்கே முட்டினால் பலன், எங்கே முட்டினால் தலைதான் வலிக்கும் என்று முதலிலேயே தெரிந்துகொண்டால் ஓராண்டு மிச்சமாகும்.

பெரிய சர்வீஸ் நிறுவனங்கள், அதாவது பிற நிறுவனங்களுக்கு மென்பொருள் வேலை செய்து கொடுப்பவை, கல்லூரி முடித்த கையோடு ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கும்போது படிவத்தில் வடிகட்டி வைத்துவிடுகின்றன. எந்தப் பட்டம், எந்த ஆண்டு முடித்தது, பத்தாவது, பிளஸ் டூ, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் உண்டா, அரியர் நிற்கிறதா என்று கேட்டு, ஒன்று இடித்தாலும் கணினியே தள்ளிவிடும். உங்கள் திறமையை அங்கே யாரும் பார்ப்பதற்கே வாய்ப்பு வராது. அதே நிறுவனங்களில் பி.எஸ்சி. படித்தவர்களுக்கென்று தனி வழியும் உண்டு. விப்ரோவில் வேலை பார்த்துக்கொண்டே மேற்படிப்பு படிக்கும் திட்டம் இருக்கிறது. டி.சி.எஸ். பி.எஸ்சி., பி.சி.ஏ. முடித்தவர்களுக்குத் தனியாகத் தேர்வு வைக்கிறது. இயற்பியல், கணிதம், புள்ளியியல் படித்தவர்கள் இவற்றைத் தவறவிடக் கூடாது. இவை பெரும்பாலும் இறுதியாண்டு மாணவர்களுக்கும் அப்போதுதான் முடித்தவர்களுக்கும்தான். படித்து முடித்து மூன்றாண்டு ஆகிவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

இரண்டாவது வகை, பத்திலிருந்து இருநூறு பேர் வரை உள்ள சிறு, நடுத்தர நிறுவனங்கள். வெப்சைட், பில்லிங் மென்பொருள், மொபைல் ஆப் செய்பவர்கள். இங்கே பெரும்பாலும் நிறுவனத்தின் உரிமையாளரோ டீம் லீடரோ நேரடியாக உட்கார்ந்து பேசுவார். "என்ன செய்திருக்கிறீர்கள், திறந்து காட்டுங்கள்" என்பதுதான் அவர்கள் முதல் கேள்வி. கம்ப்யூட்டர் படிக்காதவர்களுக்கு உள்ளே போக இதுதான் நேர்வழி. மூன்றாவது, பட்டத்தைப் பெரிதுபடுத்தாத புராடக்ட் நிறுவனங்கள், அதாவது சொந்தமாக மென்பொருள் செய்து விற்பவர்கள். தமிழ்நாட்டில் ஜோஹோ இதற்கு நன்கு தெரிந்த உதாரணம். ஆனால் அங்கே புரோகிராமிங் சுற்று கடினம். சும்மா போய்ப் பார்க்கலாம் என்று போகிற இடமல்ல.

பிளஸ் டூவோடு நிற்கிறேன். கல்லூரிக்குப் போகாமல் வழி உண்டா?

மூன்று வழிகளைச் சொல்லலாம். ஜோஹோ ஸ்கூல்ஸ் ஆஃப் லேர்னிங்கில் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைத் தேர்வு வைத்து எடுத்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவிக்கிறார்கள். எச்.சி.எல். டெக்பீ திட்டம் பிளஸ் டூ முடித்தவர்களுக்கானது. பயிற்சிக்குப் பின் வேலை, வேலையோடு ஒரு பட்டம். சேரும் முன் பயிற்சிக் கட்டணம் எவ்வளவு, எத்தனை ஆண்டு இருக்க வேண்டும், நடுவில் விலகினால் என்ன ஆகும் என்று எழுத்தில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மூன்றாவது, ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020-இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் ஆன்லைன் பட்டப்படிப்பு. ஜே.இ.இ. எழுதத் தேவையில்லை. நான்கு வாரப் பாடத்தைப் படித்து, தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். பாடம் வீட்டிலிருந்தே, தேர்வு மட்டும் மையத்தில் நேரில். நடுவில் நிறுத்தினாலும் சான்றிதழ், டிப்ளமோ, பி.எஸ்சி. என்று முடித்த கட்டத்துக்கேற்ப வாங்கிக்கொண்டு வெளியேறலாம். எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும் வருமானம் குறைந்த குடும்பத்தினருக்கும் கட்டணச் சலுகை உண்டு. வேறொரு கல்லூரியில் பி.காம். படித்துக்கொண்டே இதையும் படிப்பவர்கள் உண்டு. ஆனால் கணிதமும் புள்ளியியலும் உண்மையிலேயே கடினம். வாரத்துக்குப் பதினைந்து மணி நேரமாவது ஒதுக்க முடியாதவர்கள் சேர்ந்தால் முதல் கட்டத்திலேயே நின்றுவிடுவார்கள்.

எம்.சி.ஏ. சேர்ந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் அல்லவா?

ஓரளவு. எம்.சி.ஏ. இப்போது இரண்டே ஆண்டு. பிளஸ் டூவிலோ டிகிரியிலோ கணிதம் படித்திருந்தால் பி.காம்., பி.ஏ. முடித்தவர்களும் சேரலாம். தமிழ்நாட்டில் டான்செட் நுழைவுத் தேர்வு, காலாப்பட்டு புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கு சி.யூ.இ.டி. முதுநிலைத் தேர்வு. வளாக நேர்காணல் நன்றாக நடக்கும் கல்லூரியில் இடம் கிடைத்தால் தாராளமாகச் சேருங்கள். படிவத்தில் எந்தப் பட்டம் என்று பார்க்கும் வடிகட்டி அதோடு போய்விடும்.

வளாக நேர்காணலே நடக்காத கல்லூரியில் லட்சக்கணக்கில் கட்டிச் சேர்வது வீண். அப்படிச் சேர்ந்தால் இரண்டாண்டு கழித்து, இன்றைக்குச் செய்யவேண்டிய அதே வேலையைத்தான் கடனோடு செய்வீர்கள். சேரும் முன் கல்லூரி விளம்பரத்தைப் பார்க்காமல், போன ஆண்டு முடித்த நாலைந்து பேரைத் தேடிப் பிடித்து, இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கேளுங்கள்.

பைத்தானா, ஜாவாவா, ஜாவாஸ்கிரிப்டா?

இந்தக் கேள்வியில் மூன்று மாதத்தைத் தொலைப்பவர்கள் ஏராளம். ஒன்றை எடுங்கள், எட்டு மாதம் விடாதீர்கள். கணக்கு, தரவு, ஆட்டோமேஷன் பக்கம் ஆர்வமென்றால் பைத்தான். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வெப்சைட் செய்ய ஆசையென்றால் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., அதன்மேல் ஜாவாஸ்கிரிப்ட். பெரிய சர்வீஸ் நிறுவனம்தான் குறியென்றால் ஜாவா. எதை எடுத்தாலும் எஸ்.க்யூ.எல். (டேட்டாபேஸில் தகவலைத் தேடி எடுக்கும் மொழி) கட்டாயம். எஸ்.க்யூ.எல். தெரியாமல் போய்த் தோற்றவர்கள் அதிகம், தெரிந்து வைத்திருந்ததால் வேறு குறைகள் மன்னிக்கப்பட்டவர்களும் அதிகம்.

எவ்வளவு நாளாகும்? எந்த வரிசையில் படிப்பது?

நாள் கணக்கை விட மணிக் கணக்கு சரியாக வரும். முதல் வேலைக்குத் தயாராக ஏறத்தாழ 700 முதல் 900 மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும் என்பது எங்கள் மதிப்பீடு. தினமும் மூன்று மணி நேரமென்றால் எட்டு முதல் பத்து மாதம். ஷிப்ட் வேலையோடு ஒன்றரை மணி நேரம்தான் முடியுமென்றால் பதினாறு முதல் இருபது மாதம். "45 நாளில் ஃபுல் ஸ்டாக்" என்கிற போர்டைப் பார்த்தால் கடந்து போய்விடுங்கள்.

முதல் இரண்டு மாதம் மொழியின் அடிப்படை மட்டும்: மாறி, நிபந்தனை, லூப், ஃபங்ஷன், லிஸ்ட், டிக்ஷனரி, கோப்பைப் படிப்பது, எழுதுவது. விண்டோஸில் பைத்தானை நிறுவும்போது முதல் திரையின் அடியில் "பாத்" சேர்க்கச் சொல்லும் சின்னக் கட்டம் இருக்கும். அதை டிக் செய்யாமல் விட்டால், கமாண்ட் பிராம்ப்ட்டில் பைத்தான் என்று அடித்ததும் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று வரும், அல்லது மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கும். பலர் முதல் நாளே இதில் மாட்டிக்கொண்டு, தனக்கு இது ஒத்துவராது என்று மூடிவைத்துவிடுகிறார்கள். மறுபடி நிறுவி டிக் போட்டால் சரியாகிவிடும். அடுத்து வருவது தமிழ்க் கோப்பு. தமிழில் பெயர்கள் உள்ள கோப்பைத் திறந்தால் டீகோட் பிழை என்று நின்றுவிடும், அல்லது கொசகொசவென்று குறிகள் வரும். திறக்கும் வரியிலேயே என்கோடிங்கை, அதாவது எழுத்துகளைச் சேமிக்கும் முறையை, யு.டி.எஃப்.-8 என்று சொல்லிவிட வேண்டும். எக்செலில் திறக்கப்போகும் சி.எஸ்.வி. கோப்பென்றால் யு.டி.எஃப்.-8-சிக் என்று எழுதிச் சேமியுங்கள். இல்லாவிட்டால் நிரல் சரியாக இருந்தும் எக்செலில் எழுத்து உடையும்.

மூன்றாம் மாதம் எஸ்.க்யூ.எல்., கூடவே கிட் (நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி). நான்காம் மாதம் ஒரு வெப் ஃபிரேம்வொர்க், அதாவது வெப் ஆப் கட்ட உதவும் தயார்க் கருவி: பைத்தானென்றால் ஃபிளாஸ்க் அல்லது ஜாங்கோ, ஜாவாஸ்கிரிப்டென்றால் நோடும் ரியாக்ட்டும். ஐந்தாம் மாதத்திலிருந்து புராஜெக்ட், கூடவே தினமும் ஒன்றிரண்டு புரோகிராமிங் புதிர்கள். லினக்ஸ் கட்டளைகள் இருபது முப்பது தெரிந்தால் போதும்.

இதற்கெல்லாம் காசு தேவையில்லை. ஹார்வர்டின் சி.எஸ்.50, ஃப்ரீகோட்கேம்ப் இரண்டும் இலவசம். ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களும் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். தமிழில் தொடங்க வேண்டுமென்றால் கணியம் தளத்தில் பைத்தான், மை எஸ்.க்யூ.எல்., லினக்ஸ் பற்றி எளிய தமிழில் மின்னூல்கள் உள்ளன. புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் இயங்குகிறது. அப்படிப்பட்ட சந்திப்புகளுக்குப் போனால் கேள்வி கேட்க நாலு பேர் கிடைப்பார்கள். வீட்டில் தனியே படிப்பவருக்குக் கேட்க ஆள் இல்லாததுதான் பெரிய குறை.

வீடியோவைப் பார்த்துக்கொண்டே அடித்தால் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். வீடியோவை மூடிவிட்டு வெற்றுக் கோப்பில் அதையே எழுதிப் பாருங்கள். எழுத வராத இடம்தான் நீங்கள் இன்னும் படிக்காத இடம்.

என்ன லேப்டாப் வாங்குவது?

புதிதாக வாங்கத் தேவையில்லை. நிறுவனங்கள் கழித்துவிட்ட திங்க்பேட், லாட்டிட்யூட் வகை மறுவிற்பனை லேப்டாப் 15,000 முதல் 25,000 ரூபாய்க்குள் கிடைக்கும். ஐ5 எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பின், 8 ஜி.பி. ராம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. இதற்குக் கீழே இறங்காதீர்கள். ஏழாம் தலைமுறையும் அதற்கு முந்தியவையும் விலை குறைவுதான். ஆனால் விண்டோஸ் 11 அவற்றில் முறைப்படி ஓடாது, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்தது. லினக்ஸ் மின்ட் போட்டு ஓட்டத் தயாரென்றால் பழையதும் பரவாயில்லை.

கடையிலேயே நின்று பார்க்க வேண்டியவை: பயாஸுக்குள் (விண்டோஸ் திறக்கும் முன் வரும் அமைப்புத் திரை) போய்ப் பாருங்கள், பாஸ்வேர்டு கேட்டால் வாங்கவே வாங்காதீர்கள். பழைய நிறுவனத்தின் பூட்டு இன்னும் கழற்றப்படவில்லை என்று அர்த்தம். எல்லா விசையையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். எஸ்.எஸ்.டி.யின் ஆரோக்கியம் காட்டும் மென்பொருளை ஓட்டச் சொல்லுங்கள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு இருபது நிமிடம் ஓடவிடுங்கள். ராம் போர்டோடு ஒட்டியதா, இன்னொரு பட்டை போட இடமுண்டா என்று கேளுங்கள். பின்னால் 16 ஜி.பி. ஆக்க வேண்டி வரும்.

மொபைலில் மட்டும் படித்து இந்த வேலைக்கு வர முடியாது. கருத்துகளைப் படிக்கலாம், பயிற்சிக்கு விசைப்பலகை வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரியில் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்குபவர்கள், அதில் இணையச் செலவு போக மிச்சத்தை இதற்கென்று எடுத்து வைக்கலாம்.

என்ன புராஜெக்ட் செய்தால் மதிப்பார்கள்?

வானிலை ஆப், டூ டூ லிஸ்ட், கால்குலேட்டர் மூன்றும் வேண்டாம். எல்லோரும் அதே வீடியோவைப் பார்த்து அதையேதான் செய்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்த தொழில் ஒன்றை எடுங்கள். பி.காம். படித்தவருக்குக் கணக்கு தெரியும், வேதியியல் படித்தவருக்கு ஆய்வகப் பதிவேடு தெரியும், மெக்கானிக்கல் படித்தவருக்குப் பராமரிப்பு அட்டவணை தெரியும். கம்ப்யூட்டர் சயின்ஸ் மட்டும் படித்தவரிடம் இல்லாத சரக்கு அது.

ஒன்றை விரிவாகப் பார்ப்போம். பண்ருட்டிப் பக்கம் முந்திரி வாங்கும் கமிஷன் மண்டி ஒன்றுக்குக் கணக்கு மென்பொருள். விவசாயி மூட்டை கொண்டுவருகிறார், எடை போடுகிறார்கள், அன்றைய விலைக்குக் கணக்குப் பார்த்து, கமிஷனும் ஏற்கெனவே கொடுத்த முன்பணமும் கழித்து, மிச்சம் கொடுக்கிறார்கள். மூன்று அட்டவணை போதும்: விவசாயி, வரத்து, பணப் பரிமாற்றம். பார்க்க இவ்வளவுதான். உட்கார்ந்து செய்தால் ஒவ்வொன்றாக இடிக்கும்.

பணத்தை ஃப்ளோட்டாக, அதாவது கணினி தோராயமாக வைக்கும் புள்ளி எண்ணாக வைத்தால் பைசா பிசகும். கணினியில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். இரும எண்ணில் 0.1-ஐ முழுமையாக எழுத முடியாததுதான் காரணம். எனவே தொகையைப் பைசாவாக முழு எண்ணில் வையுங்கள், அல்லது டெசிமல் வகையைப் பயன்படுத்துங்கள். எடையையும் கிராமில் முழு எண்ணாக வைப்பது நல்லது.

அடுத்த தவறு, விவசாயி அட்டவணையில் "பாக்கி" என்று ஒரு நெடுவரிசை போட்டு ஒவ்வொரு முறையும் அதையே திருத்தி எழுதுவது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பதிவிட்டால் ஒன்று காணாமல் போகும். எங்கே பிசகியது என்று தேடவும் முடியாது. பாக்கியைச் சேமிக்காமல், வரவையும் பற்றையும் கூட்டிக் கழித்து அவ்வப்போது கணக்கிடுங்கள். தவறாகப் போட்ட பதிவை அழிக்கவும் கூடாது, எதிர்ப்பதிவு போட வேண்டும். பி.காம். படித்தவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நேர்காணலில் இதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இன்னும் சில. ஒரே ஊரில் இரண்டு முருகன் இருப்பார்கள், அதனால் பெயரை அடையாளமாக வைக்கக் கூடாது. போன் எண்ணும் மாறும், அதுவும் ஆகாது. ஒவ்வொருவருக்கும் தனி எண் கொடுங்கள். தேதியை 05/11/2025 என்று எழுத்தாகச் சேமித்தால் வரிசைப்படுத்தும்போது மாதம் குழம்பும். 2025-11-05 என்ற வடிவம், அல்லது தேதி வகையே சரி. நெட் மெதுவாக இருக்கும்போது "சேமி" பொத்தானை இருமுறை அழுத்துவார்கள், இரண்டு பதிவு விழும். அழுத்தியதும் பொத்தானை முடக்குங்கள்; சர்வரிலும் அதே பதிவு மறுபடி வருகிறதா என்று சோதியுங்கள்.

செய்து முடித்ததும் தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் கொடுத்து ஒரு மாதம் பயன்படுத்தச் சொல்லுங்கள். நோட்டுப் புத்தகத்தையும் கூடவே எழுதச் சொல்லுங்கள், இரண்டும் பொருந்துகிறதா என்று வாராவாரம் பாருங்கள். அவர் கேட்கும் மாற்றங்கள்தான் உங்களுக்கு உண்மையான பயிற்சி. இப்படி ஒன்று, சின்னதாக இன்னொன்று, அவ்வளவு போதும். அரைகுறையாகப் பத்து இருப்பதால் ஒரு பயனும் இல்லை.

கிட்ஹப்பில் என்ன பார்ப்பார்கள்?

கிட்ஹப் என்பது நிரலை ஏற்றி வைத்துப் பிறருக்குக் காட்டும் தளம். அதில் முதலில் பார்ப்பது ரீட்மீ கோப்பு. என்ன செய்கிறது, எப்படி ஓட்டுவது, ஸ்கிரீன்ஷாட் இரண்டு, இவை ஒரே பக்கத்தில். பிறகு கமிட் வரலாறு, அதாவது எப்போது என்ன மாற்றினீர்கள் என்ற பதிவு. எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரே கமிட்டாக ஏற்றினால் எங்கிருந்தோ எடுத்துப் போட்டதாகத்தான் நினைப்பார்கள். சின்னச் சின்னதாக, என்ன மாற்றினோம் என்று எழுதி, வேலை நடக்க நடக்க ஏற்றுங்கள்.

டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, ஏ.பி.ஐ. சாவி (வேறொரு இணையச் சேவையை உங்கள் நிரல் பயன்படுத்த வேண்டிய ரகசியக் குறியீடு) எதையும் ஏற்றாதீர்கள். தவறி ஏற்றிவிட்டால் அந்த வரியை அழித்து மறுபடி கமிட் செய்தால் போதாது, பழைய வரலாற்றில் அது இருக்கும். சாவியையே ரத்து செய்து புதிது வாங்க வேண்டும்.

உங்கள் ஆப்பை இணையத்தில் ஏற்றி ஓடவிடும் இலவச ஹோஸ்டிங்கில் இன்னொரு சங்கடம். ரெண்டர் போன்ற தளங்களில் இலவசக் கணக்கென்றால் பதினைந்து நிமிடம் யாரும் வராவிட்டால் ஆப் தூங்கிவிடும். அடுத்து வருபவருக்குத் திறக்க ஒரு நிமிடம்கூட ஆகலாம். வேலை கொடுப்பவர் வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார். நேர்காணலுக்குப் பத்து நிமிடம் முன்பு நீங்களே ஒருமுறை திறந்துவிடுங்கள். இரண்டு நிமிட வீடியோவும் எடுத்து ரீட்மீயில் இணைத்துவிடுங்கள்.

ஏ.ஐ. எல்லாவற்றையும் எழுதிவிடுகிறதே, இனிப் படித்துப் பயனுண்டா?

தொடக்கநிலை வேலைகளுக்குப் போட்டி கூடியிருக்கிறது. அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் ஏ.ஐ. எழுதித் தரும் நிரலைச் சரிபார்க்கத் தெரிந்தவர் தேவைப்படுகிறார். மேலே சொன்ன மண்டிக் கணக்கை ஏ.ஐ.யிடம் கேட்டால் நொடியில் எழுதிவிடும். அதில் பாக்கி நெடுவரிசை இருக்கிறதா, பணம் ஃப்ளோட்டில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லத் தெரிவதற்குத்தான் சம்பளம்.

படிக்கும் காலத்தில் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாற்பது நிமிடம் நீங்களே முயலுங்கள். அதன்பிறகு கேளுங்கள், விடையைக் கேட்காமல், என் நிரலில் எங்கே தவறு, ஏன் தவறு என்று கேளுங்கள். விளங்காத ஒரு வரிகூட உங்கள் புராஜெக்ட்டில் இருக்கக் கூடாது. நேர்காணலில் ஸ்கிரீன் ஷேர் போட்டு, "இந்த ஃபங்ஷனை இப்போது மாற்றுங்கள்" என்பார்கள். அங்கே தெரிந்துவிடும்.

கோச்சிங் சென்டரில் சேரலாமா? "வேலை நிச்சயம்" என்கிறார்களே?

கட்டாயத்துக்கு உட்கார வைக்க ஆள் வேண்டுமென்பவர்களுக்கு வகுப்பு உதவும். பாடத்தைப் பொறுத்தவரை வெளியே இலவசமாகக் கிடைக்காதது எதுவும் அங்கே இல்லை. சேர்வதென்றால் இரண்டு வகுப்பு இலவசமாக உட்கார்ந்து பாருங்கள். பாடம் நடத்துபவர் பி.பி.டி. மட்டும் ஓட்டுகிறாரா, பிழை வந்தால் எல்லோர் முன்னாலும் திருத்திக் காட்டுகிறாரா என்று கவனியுங்கள்.

பணம் கட்டும் முறைதான் ஆபத்து. "மாதத் தவணைதான், வட்டி இல்லை" என்பார்கள். கையெழுத்துப் போடுவது சென்டரோடு இல்லை, ஏதோ ஒரு நிதி நிறுவனத்தின் கடன் பத்திரத்தில். வகுப்பு பிடிக்காமல் நின்றாலும், சென்டரையே மூடினாலும் தவணை ஓடும்; கட்டாவிட்டால் சிபில் மதிப்பெண் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் எண்) சரியும், நாளைக்கு வீட்டுக் கடன் கிடைக்காது. அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்தில் சேரவே வேண்டாம். "வேலை நிச்சயம்" என்றால், எந்தச் சம்பளத்தில், எத்தனை மாதத்துக்குள், கிடைக்காவிட்டால் பணம் எப்படித் திரும்பும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் கொடுத்தால் பின்வாசல் வழியாக வேலை, இரண்டாண்டு அனுபவச் சான்றிதழ் என்கிறார்களே?

வேண்டவே வேண்டாம். வேலைக்குக் காசு கேட்பது மோசடி. ஆஃபர் லெட்டர் போலியாக இருக்கும், அல்லது பயிற்சி என்று மூன்று மாதம் உட்கார வைத்துவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

போலி அனுபவம் இப்போது எளிதில் மாட்டுகிறது. சேரும்போது உங்கள் யு.ஏ.என்., அதாவது பி.எஃப். கணக்குக்கான நிரந்தர எண்ணைக் கேட்பார்கள். எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பது அதில் அப்படியே இருக்கும். இரண்டாண்டு வேலை பார்த்ததாகச் சொல்லி, ஒரு மாதம்கூட பி.எஃப். கட்டப்படவில்லை என்றால் சரிபார்ப்பவர்கள் விசாரிப்பார்கள். சேர்ந்து ஆறு மாதம் கழித்துக்கூட வேலையை விட்டு அனுப்புகிறார்கள். அதற்குப் பிறகு அந்த நிறுவனத்தில் மறுபடி நுழைய முடியாது. சிப்காட்டில் பார்த்த இரண்டாண்டு உண்மையான வேலை, ஐ.டி.யாக இல்லாவிட்டாலும், இதைவிட எத்தனையோ மடங்கு மதிப்புள்ளது. அதை ரெஸ்யூமேயில் மறைக்காதீர்கள்.

ஊரிலேயே இருந்து வேலை தேட முடியுமா, சென்னைக்குப் போயே ஆக வேண்டுமா?

புதுச்சேரியில் சிறு வெப் நிறுவனங்கள் உள்ளன, ஆரோவில் பக்கமும் மென்பொருள் வேலை செய்யும் அமைப்புகள் உண்டு. கடலூரில் வாய்ப்பு குறைவு. பில்லிங் மென்பொருள், பள்ளி மென்பொருள் விற்பவர்களிடம் சப்போர்ட் வேலை கிடைக்கலாம். முதல் ஓராண்டு அனுபவத்துக்கு அதுவும் நல்லதுதான். ஆனால் தேடலை ஊரோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. எண்ணிக்கையில் பெரும்பாலான வேலைகள் சென்னை ஓ.எம்.ஆரிலும் பெங்களூரிலும் கோவையிலும்தான். முதல் வேலையே வீட்டிலிருந்து வேண்டுமென்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். புதியவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் வேண்டும்.

நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் தினமும் நூறு இடத்துக்கு ஒரே ரெஸ்யூமேயை அனுப்புவதால் பெரும்பாலும் பதில் வராது. வாரத்துக்குப் பத்துச் சிறு நிறுவனங்களை எடுத்து, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து, ஐந்தாறு வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள்: யார், என்ன செய்திருக்கிறேன், இதோ இணைப்பு, எப்போது சேர முடியும். டிகிரி முடித்தவர்கள் மத்திய அரசின் நாட்ஸ் தொழிற்பழகுநர் தளத்திலும் பதிந்து வையுங்கள், அது பொறியியல் படிக்காதவர்களுக்கும் உண்டு. நான் முதல்வன் என்ற திறன் பயிற்சித் திட்டம் தமிழ்நாட்டு அரசினுடையது. கடலூர்க் கல்லூரியில் படிப்பவருக்குக் கிடைக்கும் அந்தப் பயிற்சி, இருபது கிலோமீட்டர் தள்ளிப் புதுச்சேரிக் கல்லூரியில் படிப்பவருக்குக் கிடைக்காது. இரண்டில் எங்கே சேர்வது என்று முடிவெடுக்கும்போது இதையும் கணக்கில் எடுங்கள்.

டெஸ்டிங், சப்போர்ட் வேலை கிடைத்தால் சேரலாமா?

சேரலாம். உள்ளே போய் டெவலப்பராக மாறியவர்கள் உண்டு. சப்போர்ட்டில் எஸ்.க்யூ.எல். எழுதும் வேலையா, போன் எடுக்கும் வேலை மட்டுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். போன் மட்டுமென்றால் இரண்டாண்டு கழித்தும் அங்கேயேதான் இருப்பீர்கள். டெஸ்டிங், அதாவது மென்பொருளைச் சோதிக்கும் வேலை என்றால், சோதனையை நிரல் எழுதி ஓடவிடும் ஆட்டோமேஷன் பக்கம் சீக்கிரம் நகருங்கள்.

பள்ளியில் பிரெஞ்சு படித்திருக்கிறேன். பயன்படுமா?

புதுச்சேரிக்காரர்களுக்கு வாய்த்த வசதி இது. பிரான்ஸ் நாட்டு வாடிக்கையாளர்களுக்கான சப்போர்ட், டெஸ்டிங், மென்பொருளைப் பிரெஞ்சுக்கு மாற்றும் வேலை ஆகியவற்றுக்கு ஆள் எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் பள்ளிப் பிரெஞ்சு போதாது. டெல்ஃப் எனும் பிரெஞ்சு மொழித் தேர்வில் பி2 நிலை இருந்தால்தான் பேசவே அழைப்பார்கள். அலியான்ஸ் பிரான்சேஸில் அதற்குப் படிக்கலாம். பி1 வரை ஏற்கெனவே வந்திருந்தால், இன்னொரு புரோகிராமிங் மொழி படிப்பதைவிட பி2 முடிப்பது அதிக லாபம்.

தமிழ் வழியில் படித்தேன். ஆங்கிலம் தடுமாறுகிறது.

சரளமாகப் பேசத் தேவையில்லை, மூன்று வேலைக்கு வேண்டிய ஆங்கிலம் வேண்டும். பிழைச் செய்தியையும் ஆவணத்தையும் படிப்பது, நாலு வரி மின்னஞ்சல் எழுதுவது, நீங்கள் செய்ததை ஐந்து நிமிடம் விளக்குவது. கடைசி ஒன்றுக்கு உங்கள் புராஜெக்ட்டைப் பற்றி ஆங்கிலத்தில் பேசி மொபைலில் பதிவு செய்யுங்கள், கேளுங்கள், மறுபடி பேசுங்கள். ஒரு மாதம் தினமும் செய்தால் வித்தியாசம் தெரியும். "ஸ்போக்கன் இங்கிலீஷ்" வகுப்பைவிட இது உதவும், ஏனென்றால் நேர்காணலில் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

சொற்களைத் திருப்பிப் போடுவது, ஒரு எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவது, இரண்டு பட்டியலில் பொதுவானதைக் கண்டுபிடிப்பது போன்ற சிறு நிரல்கள். எஸ்.க்யூ.எல்.லில் "ஜாயின்" வகைகள், "வேர்", "ஹேவிங்" என்ற இரண்டு கட்டளைச் சொற்களின் வித்தியாசம், இரண்டாவது அதிகச் சம்பளத்தைக் கண்டுபிடிப்பது. வெப் என்றால் சர்வருக்கு அனுப்பும் "கெட்", "போஸ்ட்" கோரிக்கைகளின் வித்தியாசம். பிறகு உங்கள் புராஜெக்ட்டைக் குடைவார்கள்.

"வேதியியல் படித்துவிட்டு ஏன் இங்கே?" என்பது கட்டாயம் வரும். வேதியியலில் வேலை இல்லை என்று சொல்லாதீர்கள். ஆய்வகத் தரவை எக்செலில் போட்டு அலுத்துப்போய் பைத்தானில் எழுதத் தொடங்கினேன் என்பதுபோல, உண்மையில் நடந்த ஒன்றைச் சொல்லுங்கள். திருமணம், குழந்தை, வீட்டுப் பொறுப்பு என்று சில ஆண்டு இடைவெளி இருந்தால் ஒரே வரியில் சொல்லிவிட்டு, கடைசி ஓராண்டில் செய்த வேலைக்குப் பேச்சைக் கொண்டுவாருங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று சேர்த்துச் சொல்வது நல்ல பதில்.

மழைக்காலத்தில் ஆன்லைன் தேர்வு வந்தால்?

இது நம் பகுதிக்கே உரிய தலைவலி. 2011-இன் தானே புயல், 2024-இன் ஃபெஞ்சல் புயல் இரண்டும் நம் கரையில்தான் ஏறின. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் தேர்வுகளுக்குத் தேதியைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் முதல் நாளையே எடுங்கள், கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். லேப்டாப் முழு சார்ஜ், ரவுட்டருக்குச் சின்ன யு.பி.எஸ்., வேறு நிறுவன சிம்மில் ஹாட்ஸ்பாட், மூன்றும் தயாராக இருக்கட்டும். கேமரா கண்காணிப்புள்ள தேர்வில் இடையில் நெட் அறுந்தால் பதற்றத்தில் மறுபடி மறுபடி உள்ளே நுழையாதீர்கள். நேரம் தெரியும்படி திரையைப் படமெடுத்து, உடனே உதவி மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் முதல் நாளே எழுதிக் கேளுங்கள், தேதி மாற்றித் தருபவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டாண்டு பாண்ட் கேட்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

பாண்ட், அதாவது இத்தனை ஆண்டுக்குள் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம், என்றாலே செல்லாது என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்றாண்டுக்குள் விலகினால் 2 லட்ச ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே நேரம், ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி இழப்பீடு நியாயமான அளவுக்குத்தான். உண்மையான பயிற்சி கொடுக்கிறார்களா, தொகை உங்கள் சில மாதச் சம்பளத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். ஓராண்டு, நியாயமான தொகை என்றால் முதல் வேலைக்கு ஏற்கலாம். அசல் சான்றிதழோ, கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையோ கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஆண்டுக்கு 3 லட்சம் என்று ஆஃபர் வந்திருக்கிறது. கையில் எவ்வளவு வரும்?

மாதம் 25,000 வராது. அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது 12,500 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 12 சதவீதம், 1,500 ரூபாய், இந்த 3 லட்சத்துக்குள்ளேயே கணக்கு. கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, 4.81 சதவீதம், ஏறத்தாழ 600 ரூபாய், அதுவும் உள்ளேயே. நிரந்தரப் பணியாளருக்கு அது பொதுவாக ஐந்தாண்டு முடிந்தால்தான் கையில் வரும். இவை போக 22,900. அதிலிருந்து உங்கள் பி.எஃப். பங்கு 1,500 போனால் 21,400. அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரி, சில இடங்களில் காப்பீட்டுப் பிடித்தம். ஆக 21,000 ரூபாய் என்று வைத்துத் திட்டமிடுங்கள். 3 லட்சத்துக்குள் "வேரியபிள் பே" என்று, வேலையின் தரத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துத் தரும் ஒரு தொகை ஒளிந்திருந்தால் இன்னும் குறையும். அது எவ்வளவு, எப்போது தருவார்கள் என்று சேரும் முன்பே எச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கிவிடுங்கள்.

ஓ.எம்.ஆர். பக்கம் சாப்பாட்டோடு பி.ஜி. விடுதிக்கு மாதம் 6,000 முதல் 9,000 வரை ஆகும். முன்பணமும், முதல் சம்பளம் வரும்வரை ஒரு மாதச் செலவும் சேர்த்து 25,000 ரூபாயாவது கையில் இருந்தால் கடன் வாங்காமல் போய்ச் சேரலாம். பதினைந்தாம் தேதிக்குப் பிறகு சேர்ந்தால் பல நிறுவனங்களில் அந்த மாதச் சம்பளம் அடுத்த மாதத்தோடு சேர்ந்துதான் வரும். சேரும் தேதியைப் பேசும்போதே அதைக் கேட்டு வையுங்கள்.